பழைய மட்டம்

மலைமுகட்டை வெட்டத் தொடங்கிய மூன்றாவது வருடத்தில், தையல்கார அக்காவின் வீடு தரையிலிருந்து முந்நூறு அடி உயரத்தில் இருந்தது. கீழே தூண் கிடையாது, மேலே கொக்கியும் கிடையாது. வீடு எங்கும் போகவில்லை, இருந்த இடத்திலேயேதான் இருந்தது. போனது மலை.

குற்றம் சொல்வதென்றால் பத்திரத்தைத்தான் சொல்ல வேண்டும். "வீடு நீங்கலாக, நிலம் முழுவதும்" என்று நிலக்கரிக் கம்பெனி வக்கீல் எழுதியிருந்தார். வீட்டுக்கு அடியில் இருப்பதும் நிலம்தானே என்று கம்பெனி அதையும் எடுத்துக்கொண்டது. நான் நீங்கலாயிற்றே என்று வீடு நின்றுகொண்டது. இரு தரப்பும் சட்டப்படி நடந்துகொண்டதால் யார்மேலும் வழக்குப் போட வழியில்லை. அந்தப் பத்திரத்தில் அக்காவிடம் கையெழுத்து வாங்கி வந்தது அவளுடைய சொந்தத் தம்பி. கம்பெனியில் புல்டோசர் ஓட்டுபவன். வீட்டுக்கு ஒன்றும் ஆகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தான். சொன்னபடி வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவளுடைய வாசல் மண்ணை முதலில் வழித்தெடுத்த வண்டியில் உட்கார்ந்திருந்தவன் அவன்தான் என்பதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். அன்றைக்கு அவனோடு பேச்சை நிறுத்தியவள் பதினொரு வருடம் பேசவில்லை.

முதலில் மரங்களை வெட்டினார்கள். பிறகு மேல்மண்ணை வழித்து ஓரமாகக் குவித்தார்கள். பாறையில் வரிசையாகத் துளை போட்டு வெடி வைத்தார்கள். உடைந்ததை அள்ளிப் பள்ளத்தாக்கில் கொட்டிவிட்டு, கரியை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். அடுத்த கரி அடுக்கு வரைக்கும் மறுபடி அதே வேலை. சங்கு ஊதியதும் அக்கா தையல் மிஷினிலிருந்து காலை எடுத்துவிடுவாள், வெடி அதிர்வில் தையல் கோணிவிடும் என்பதால். கம்பெனி ஆட்களுக்கெல்லாம் அவள்தான் சீருடை தைத்தாள். துணியும் அளவுச் சீட்டும் கூடையில் மேலே போகும், சட்டை கீழே வரும். கயிறு மட்டும் வருடத்துக்கு ஒன்று தேய்ந்தது.

கரி தீர்ந்ததும் மலையைத் திரும்ப வைக்கும் வேலை வந்தது. பழைய மட்டத்துக்கே கொண்டுவர வேண்டும் என்பது அனுமதியில் இருந்த நிபந்தனை. கரி போனபின் மலைக்கு மண் போதுமா என்று வெளியாட்கள் கேட்டார்கள். மடிப்புக் கலைத்த துணி பழைய பெட்டியில் அடங்காது, உடைத்த பாறையும் அப்படித்தான். மண் போதும், மட்டம்தான் தெரியவில்லை. எல்லைக்கற்கள் வெடியில் போய்விட்டன, மூன்று வரைபடங்கள் மூன்று உயரம் சொல்லின. பழைய மட்டத்தில் மிச்சமிருந்தது அக்காவின் வாசற்படி ஒன்றுதான். சர்வேயர் திங்கட்கிழமைதோறும் கருவியை அதை நோக்கித் திருப்புவார். அன்று மட்டும் வாசலில் துணி காயப் போட வேண்டாம் என்று அக்காவுக்குக் கம்பெனி ஆபீசிலிருந்து கடிதம் வந்தது.

தம்பிக்கு மட்டப்பலகை என்று பெயர். அவன் வழித்த தரையில் கோலியை வைத்தால் உருளாது, சரிவில்கூட ஒரு சுருக்கம் இருக்காது. மலையை வாசல்வரை ஏற்றிவிட்டால் அக்கா பேசாமலா போய்விடுவாள் என்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓட்டினான். நாலு வருடத்தில் மலை வாசலுக்கு ஆறடி கீழே வந்துவிட்டது. அங்கே அரசாங்கச் சுரங்க இன்ஸ்பெக்டர் நிறுத்தினார். சரிவில் மரம் பிடித்தால்தான் மலை நிற்கும், பிடிக்கட்டும், அப்புறம் மேலே போடலாம் என்றார். மூன்று முறை நட்டார்கள், மூன்று முறையும் எல்லாம் பட்டுப்போயின. இந்த மழைக்கும் பிடிக்காவிட்டால் அபராதத்தைக் கட்டிவிட்டு, வண்டிகளோடும் ஓட்டுநர்களோடும் வேறு மலைக்குப் போவதாகக் கம்பெனி முடிவு செய்தது.

அந்த வாரம் தம்பி சரிவை நாலாவது முறையாக வழித்துக்கொண்டிருந்தான். மேலேயிருந்து, "தம்பி" என்று குரல் வந்தது. வண்டியை அணைத்தான்.

"நீ செய்யறது மட்டமான வேலை."

அவன் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான்.

"ஆமாக்கா. நூல் பிடிச்ச மாதிரி மட்டமா வச்சிருக்கேன்."

"நான் சொன்னது அந்த மட்டம் இல்லடா. மழை பெஞ்சா பத்தே நிமிஷத்துல மொத்தத் தண்ணியும் வழிஞ்சு ஓடிடுது. உனக்குத் தெரியாது, மேலேருந்து பாக்கறவளுக்குத் தெரியும். இப்படி அமுக்கி அமுக்கி வச்சா வேர் எங்கடா போகும்? கிளறி விடு. மேடும் பள்ளமுமா கெடக்கட்டும்."

பதினொரு வருடமாக அவள் என்ன சொல்லித் திட்டுவாள் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தவன், வண்டியை மறுபடி முடுக்கினான். வண்டியின் பின்னாலிருந்த இரும்புப் பல்லை இறக்கி, தன் கையால் இழைத்த சரிவைத் தானே கிழித்தான். மட்டப்பலகைக்குத் தலையில் ஏதாவது அடிபட்டுவிட்டதா என்று மற்ற ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். மேல்மண்ணை லாரிகள் குவியல் குவியலாகக் கொட்டின, அதன்மேல் அவன் வண்டியை ஏற்றவே இல்லை. அந்த மழையில் கன்றுகள் பிடித்தன. அடுத்த மழையில் இடுப்பளவு வந்தன. மிச்ச ஆறடிக்கு இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

கடைசி லாரி மண் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு. அக்கா வெளியே காலெடுத்து வைத்ததும் வீடு பொத்தென்று விழும் என்று பந்தயம் கட்டியவர்கள் ஏமாந்தார்கள். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அவள் முதலில் தம்பியின் தோளை அளந்தாள்.

"தோள் இறங்கிப் போச்சேடா."

"வண்டி ஓட்டி ஓட்டித்தான்க்கா" என்றவன், அத்தனை பேர் முன்னிலையில் அழுதான். அவள் சட்டை அளவை முழுசாக எடுத்து முடித்த பிறகுதான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

கிளறிப் போட்ட மண் இறங்கும், அது உலக வழக்கம். ஒவ்வொரு மழைக்கும் மலை ஒரு சாண் இறங்கியது. வீடு இறங்கவில்லை. வீட்டைப் புதிய மட்டத்துக்குக் கொண்டுவருமாறு கம்பெனி எழுதிய கடிதத்துக்கு, மலையிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று அக்கா பதில் போட்டாள். இன்ஸ்பெக்டர் இரண்டு முறை அளந்துவிட்டு, குறிப்பு என்ற இடத்தில் "வீடு சரியான உயரத்தில் உள்ளது" என்று எழுதி முத்திரை குத்தினார். வண்டிகள் வேறு மலைக்குப் போயின, தம்பி போகவில்லை. வாசலில் இப்போது நாலு படி இருக்கிறது. ஐந்தாவது படிக்குக் கல் பார்த்து வாங்கி வைத்துவிட்டு, அவன் மழைக்காகக் காத்திருக்கிறான்.