நானோ பிரிவின் முதல் நாள்

மருத்துவ உலகைப் புரட்டிப்போடும் பொன்னாள் வந்தேவிட்டது: ராஜபாளையம் பேண்டேஜ் ஆலை ஒன்றில், நாதஸ்வரம் முழங்க, நானோ ஆராய்ச்சிப் பிரிவு திறக்கப்பட்டது.

பேண்டேஜ் துணியில் வெள்ளி நானோ துகளைப் பூசிப் புண்ணை ஆற்றும் வித்தையை எம்.எஸ்சி.யில் படித்துவிட்டு, மூன்று வருடம் வேலை தேடிய ஸ்ரீவில்லிபுத்தூர் சிவரஞ்சனிக்கு அங்கே வேலை கிடைத்தது. திறப்பு விழாவுக்கு மறுநாள் வெள்ளைக் கோட்டுடன் வந்தவள் சூப்பர்வைசர் சமுத்திரத்திடம் கேட்டாள்.

"லேப் எங்கண்ணே?"

"நேத்து வச்சிருந்த லேப் மிஷினெல்லாம் விழாவுக்கு வாடகைக்கு எடுத்தது தாயி. காலையிலேயே வேன்ல ஏத்தி அனுப்பியாச்சு."

"அப்ப துகள எதுல பண்றது?"

"ஒன்னய யாரு பண்ணச் சொன்னா? பொட்டியில நானோன்னு போட்டா வெலை கூடும்னு மொதலாளி சொல்லுதாவ. அம்புட்டுதான்."

அவர் 'நானோ' என்று அச்சிட்ட ஸ்டிக்கர் கட்டு ஒன்றை நீட்டினார். மாலைக்குள் சிவரஞ்சனி எண்ணூறு பெட்டிகளில் ஸ்டிக்கர் ஒட்டினாள்.