காலருக்குள் சிவப்பு நூல்

இஸ்திரிப் பெட்டி துணிக்கு மட்டும்தான் என்று யார் சொன்னது? சலவைக்கடையில் துணி தேய்க்கும் அவள், அன்று காலை வீட்டில் பிஸ்கட் பாக்கெட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மகளுக்குப் பிறந்தநாள். வகுப்பில் கொடுக்கும் தின்பண்டம் கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று பள்ளியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைப்பக்குவத்துக்குப் பேர்போனவள் ஆயிற்றே! கடை பாக்கெட்டுகளை பிளேடால் ஓரமாகக் கீறி, உள்ளே இருந்ததை டப்பாவில் கொட்டினாள். வறுத்த கடலையைப் பொடித்துப் போட்டு, தான் சுட்ட பிஸ்கட்டுகளை அவற்றில் அடுக்கினாள். ஓரத்தில் ஒரு துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை ஒரு இழுப்பு இழுத்தாள். கீறியது தெரியவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவள் மறைத்துவிட்டாள்.

"அம்மா, இது பொய் இல்லையா?" என்றாள் மகள்.

"பாக்கெட்டையா திங்கப் போறாங்க? உள்ள இருக்கறது நல்லதுதானே."

"எங்க கிளாஸ்ல குட்டி இன்ஸ்பெக்டர்னு ஒருத்தி இருக்காம்மா. பாக்கெட்டத் திருப்பிப் படிச்சுட்டுத்தான் சாப்பிடுவா."

"படிக்கட்டும். பரீட்சையில கேப்பாங்க!" என்று சிரித்து அனுப்பிவைத்தாள் அம்மா. அந்தப் பொடி எழுத்துகளை அவள் ஒருநாளும் படித்ததில்லை.

மதியம் கடையில் கூட்டமில்லை. குவியலிலிருந்து ஒரு சின்னச் சீருடையை எடுத்து மேசையில் விரித்தாள். சட்டைக் கையில் பச்சைப் பட்டை. மகள் வகுப்புச் சீருடைதான். ஆவி பட்டதும் சட்டையின் நெஞ்சுப் பகுதி மெல்ல உப்பி, பிறகு அடங்கியது. தினம் பார்க்கிற காட்சிதான். இன்று என்னவோ அவளுக்குப் பிடிக்கவில்லை. யாரோ மூச்சு விடுவது போலிருந்தது.

சட்டைப் பையில் ஏதோ சரசரத்தது. கைவிட்டாள். மடித்து மடித்து வைத்த பாக்கெட் துண்டுகள், எல்லாம் துவைத்து வெளுத்தவை. எல்லாத் துண்டிலும் ஒரே வரி: 'கடலை சேர்க்கப்படவில்லை.'

காலர் படியாமல் முரண்டு பிடித்தது. ஒருநாளும் இல்லாமல் அதை உள்பக்கம் திருப்பினாள். சிவப்பு நூலில், நெருக்கமாக, ஒரு தாயின் கைத்தையல்:

'எனக்குக் கடலை ஆகாது. மூச்சு நின்றுவிடும்.'

ஆளில்லாத அந்தச் சட்டை அவளிடம் நேராகப் பேசியது. பள்ளிக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சட்டையைக் கையில் பிடித்தபடியே ஓடினாள்.

பள்ளி நடையில் ஒரு சத்தம் இல்லை. பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இப்படியொரு அமைதி இருக்கக் கூடாது. கடைசி அறையின் கதவைத் தள்ளினாள்.

எல்லாப் பிள்ளைகளும் கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் ஒரு பிஸ்கட். பிறந்தநாள் பிள்ளைக்காக மனதுக்குள் வாழ்த்திவிட்டுத்தான் சாப்பிடுவது அந்த வகுப்பின் வழக்கம். டீச்சரும் கண்ணை மூடியிருந்தார். ஒரு சிறுமி மட்டும் கண்ணைத் திறந்து பாக்கெட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்தாள். பிஸ்கட்டை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"திங்காத!"

அம்மா பாய்ந்து வந்து தட்டிவிட்டதில் பிஸ்கட் சுவரில் பட்டுத் தெறித்தது. சிறுமி மிரண்டுபோனாள்.

"படிச்சுட்டேன் ஆன்ட்டி. கடலை இல்லன்னு போட்டிருக்கு."

"இருக்குடா கண்ணு. நாந்தான் போட்டேன். நாந்தான் பாக்கெட்டையும் ஒட்டினேன்."

பிஸ்கட் தொட்ட சிறுமியின் விரல்கள் அதற்குள் தடித்துச் சிவக்கத் தொடங்கியிருந்தன. டீச்சர் பதறிப்போய் அவள் கையைக் கழுவிவிட்டு, அவள் பள்ளிப்பையிலிருந்த மருந்தை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு, அவள் வீட்டுக்கு போன் போட்டார். நல்லவேளை, தடிப்பு அதற்குமேல் ஏறவில்லை.

புதுச்சட்டை போட்டிருந்த மகள் மூலையில் நின்றாள். "நாந்தாம்மா அவளுக்குக் குடுத்தேன். 'பயப்படாம சாப்பிடு'ன்னு வேற சொன்னேன்." அந்தக் குரலைத் தாயால் தாங்க முடியவில்லை.

சிறுமி காலிப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்: "அப்போ இனிமே நான் எத நம்பிப் படிக்கிறது ஆன்ட்டி?"

அம்மா அந்தச் சின்னச் சீருடையை நெஞ்சோடு அணைத்தபடி, எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் மண்டியிட்டாள்.

"வீட்டுல செஞ்சதா, கடையில வாங்குனதாங்கறது பெருசில்ல கண்ணு. என்ன போட்டிருக்குன்னு உண்மையச் சொல்லிக் குடுக்கணும். அத மறைச்சா, அம்மா ஆசையா செஞ்சதும் விஷந்தான்."