தட்டாத எண்கள்

மின்சாரம் வந்ததும் தெரு முழுக்க "மீ லாபி", கரண்ட் வந்தாச்சு என்று கூச்சல் எழுந்தது. யாங்கூனில் கரண்ட் வந்தால் எல்லோரும் கத்துவார்கள். போனால் எல்லோரும் ஓடிப்போய் பிளக்குகளைப் பிடுங்குவார்கள். திரும்பி வரும் மின்சாரம் எதை எரிக்குமென்று யாருக்கும் தெரியாது. கியாக்டடாவில் இருந்த அந்தச் சரக்கு அலுவலகத்தில் பிடுங்குவது அஸ்மாவின் வேலை, திரும்ப மாட்டுவது பர்கத்துல்லாவின் வேலை.

இன்று மாட்டியபின் அஸ்மாவின் எண்பலகை வேலை செய்யவில்லை. லேப்டாப்பில் எண்களுக்குத் தனி விசைகள் இல்லையென்று முதலாளி சிங்கப்பூரிலிருந்து இருவருக்கும் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு வாங்கி வந்திருந்தார். வயர் கிடையாது. நகமளவு ரிசீவரைக் கணினியில் செருகினால் போதும்.

பேட்டரியை மாற்றினாள். அணைத்துப் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது, திரையில் மட்டும் ஒன்றும் விழவில்லை. ஏதோ ஓர் எண்ணைத் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

வேறு நாளென்றால் சிரித்திருப்பாள். இன்று மாலை தின்கன்ஜூன் வீட்டுக்குப் போனதும் வாப்பாவிடம் பதில் சொல்லியாக வேண்டும். பர்கத்துல்லாவின் தாயார் ரஹீமா போன வாரம் பெண் கேட்டு வந்திருந்தார். அது தாயின் விருப்பமா, மகனின் விருப்பமா? பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பர்கத்துல்லா கண்டெய்னர் எண்களைத் தவிர அவளிடம் எதையும் பேசியதில்லை. பர்மிய முறையில் மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் 'கோ', 'மா' சேர்த்துக் கூப்பிட்டுக்கொள்வதோடு சரி. அவர் மனம் தெரியாமல் சரி சொல்ல அவளுக்கு விருப்பமில்லை. வேண்டாமென்று சொல்லவும் ஏனோ வாய் வரவில்லை. போதாததற்கு வீட்டில் போன் அடிக்கிறது, எடுத்தால் யாரும் பேசுவதில்லை என்று உம்மா வேறு புலம்பிக்கொண்டிருந்தார்.

திரையில் ஓர் எண் ஓடியது. அவள் கை மடியில் இருந்தது.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். அவள் வீட்டு போன் நம்பர். அதன் கீழே மறுபடி அதே நம்பர்.

"கோ பர்கத், இதுக்குப் பேய் பிடிச்சிருக்கு போல."

"எனக்கும் அதேதான், மா அஸ்மா. நான் தட்டுறது வரலை. தட்டாதது வருது."

"பிளக்கைப் பிடுங்கினப்போ ரெண்டு ரிசீவரையும் சேர்த்துப் பிடுங்கிட்டேன். அது கரண்ட்ல எரியுமா என்ன? பழக்கதோஷம்."

தடுப்புக்கு அப்பால் அவர் நாற்காலி நகர்ந்தது.

"ரெண்டையும் ஒரே டப்பாலதான் போட்டிருந்தீங்க," என்றார் அவர் மெதுவாக. "எது யாரோடதுன்னு பார்க்காம மாட்டிட்டேன்."

அஸ்மா திரையைப் பார்த்தாள். அப்படியானால் இதைத் தட்டியது அவர்.

"என் வீட்டு நம்பரை எதுக்குத் தட்டினீங்க?"

"வேலை செய்யுதான்னு பார்க்கத்தான். கை தானா அதுக்குப் போயிடுச்சு." குரல் இறங்கியது. "தினமும் அடிப்பேன். உங்களுக்குச் சம்மதமான்னு உங்ககிட்டயே கேக்கணும்னு. உங்க வாப்பா குரல் கேட்டதும் வச்சிடுவேன்."

"நல்ல வீரர்தான். உம்மா திருடன்னு நினைச்சுப் பூட்டை மாத்தச் சொல்றாங்க."

அவர் சிரிக்கவில்லை. "அது இருக்கட்டும். இங்க வந்து பாருங்க."

அஸ்மா எழுந்து தடுப்பைச் சுற்றிப் போனாள். அவர் திரையில் இன்சீன் பகுதி போன் நம்பர் ஒன்று வரிசையாக இறங்கியிருந்தது. அவர் வீட்டு நம்பர். மழைக்காலத்தில் அவர் காய்ச்சலில் கிடந்தபோது முதலாளி சொல்லி அவள் ஒரே ஒரு முறை அடித்த நம்பர். அதைத்தான் தட்டினோம் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. முகம் சூடேறியது. இத்தனை நாளும் அவர் மனம் தெரியவில்லையென்று குழம்பியவளுக்குத் தன் மனமே தெரிந்திருக்கவில்லை.



"ரிசீவரை மாத்திடவா?" என்று கேட்டார் அவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"மாத்துங்க. கண்டெய்னர் வேலை அப்படியே கிடக்கு." தன் இடத்துக்குத் திரும்பியவள் தடுப்பருகே நின்றாள். "சாயந்தரம் போன் அடிங்க. வாப்பா எடுத்தா வச்சிடாதீங்க. என்னைக் கூப்பிடச் சொல்லுங்க. நான் பக்கத்துலதான் நிப்பேன்."