செக்குமாட்டுப் பொண்டாட்டி

"அது என்ன வாயா, உடைஞ்ச குழாயா? பொண்ணோட அம்மாவைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு!"

"பழக்கத்துல வந்துடுச்சுங்க! வேணும்னா சொன்னேன்?"

"அந்தப் பழக்கத்தை ஆரம்பிச்சு வெச்சது யாரு?"

கேட்டது அண்ணியின் புருஷன். தெருவுக்கே பதில் வைத்திருப்பவள் திட்டு வாங்குவதை, நாற்காலிப் பட்டறை முழுவதும் கைவேலையை விட்டுவிட்டு ரசித்தது. அவள் கொழுந்தன் மட்டும் வேலையை விடவில்லை. மூலையில் உப்புத்தாளும் கையுமாக ஒரு நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அவன் அப்படித்தான். மற்றவர்கள் மூன்று முடிப்பதற்குள் ஒன்று முடிப்பான். தேய்ப்பான், உள்ளங்கையால் தடவுவான், மறுபடி தேய்ப்பான். கல்யாணமாகி வந்த புதிதில், "செக்குமாடு கணக்கா அதையே சுத்திச் சுத்தி வர்றாரே!" என்று அண்ணி சிரித்தாள். பட்டறை சிரித்தது, அவனும் சிரித்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு தெருவில் மெதுவாகவும் விடாமலும் வேலை பார்க்கும் எவருக்கும் அதே பட்டம். சோம்பேறிகள் தப்பித்தார்கள், வேலையை நிறுத்தாதவர்கள்தான் மாட்டினார்கள்.

அது சுடும் என்று அண்ணிக்கு உறைத்தது, கொழுந்தனுக்குக் கேட்ட மெத்தை தைக்கும் பெண் சொன்னபோதுதான். "அவரைப் பிடிக்கும்க்கா. ஆனா 'செக்குமாட்டுப் பொண்டாட்டி போறா'ன்னு வாழ்நாள் பூரா கேக்கணுமே?"

அன்றிலிருந்து அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. இனி யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாதென்று பட்டறையில் சட்டம் போட்டாள். மறந்திருந்தவர்களுக்கும் ஞாபகம் வந்துவிட்டது. கடைசியில் பெண்ணின் அம்மாவையே வரவழைத்து, கொழுந்தனின் பொறுமையை மூச்சுவிடாமல் புகழ்ந்தாள். அந்தம்மா மெல்லத் தலையாட்டியதும் அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏ செக்குமாடு! டீ எடுத்துட்டு வா!"

"இதோ வந்துட்டேன் அண்ணி."

முகம் சுளிக்காமல், ஒரு சொட்டும் சிந்தாமல் கொண்டுவந்து வைத்தான். அந்தம்மா அதைக் குடிக்காமலேயே எழுந்து போனார்.

அதற்குப் புருஷன் போட்ட சண்டை ஓய்ந்ததும் அண்ணி மூலைக்குப் போனாள். "என் மேல கோவமா தம்பி?"

"எதுக்கு அண்ணி?" நிமிராமல் நாற்காலியைத் தடவினான். "இந்த இடம்தான் இன்னும் சொரசொரன்னு இருக்கு."

அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவள் அன்று தூங்கியிருப்பாள்.

மெத்தை தைக்கும் பெண் கண்ணாடிக் கடைக்காரனைக் கட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளிப் போனாள். கொழுந்தன் வெளியூர்ப் பட்டறை ஒன்றுக்குப் போய், அங்கேயே பாலிஷ் போடுகிற ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். கல்யாணச் செய்தி அண்ணனுக்கு மட்டும் போனில் வந்தது. அங்கே அவனை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்கச் சொல்லி அண்ணி இன்னும் புருஷனை நச்சரிக்கிறாள். அவர் கேட்பதில்லை.