மூன்று வீட்டுக்கு ஒரு யூபிஎஸ்

புனேயிலிருந்து ஒருவர் தன் வாஷிங் மெஷின் கதவு திறக்கவில்லை என்று எழுதியிருந்தார். உள்ளே இருப்பது அன்று மாலை மாப்பிள்ளை போட்டுக்கொள்ள வேண்டிய பைஜாமா. பதற வேண்டாம் என்று கஸ்டமர் சாட்டில் பதில் எழுதும் பாகீரதி ஆறுதல் சொன்னாள். மெஷினுக்குக் கீழே இடது மூலையில் சின்ன மூடி ஒன்று இருக்கும், அதைத் திருகித் திறங்கள் என்று தட்டி அனுப்பினாள். திறப்பதற்கு முன் அடியில் ஒரு பெரிய தட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று அடுத்த வரியைத் தட்டிக்கொண்டிருந்தபோது அவள் குடியிருக்கும் ஒக்கலிபுரம் முழுவதும் கரண்ட் போனது.

மின்விசிறி நாலு சுற்று சுற்றி நின்றது. திரை கறுத்தது. பின்பக்கத் தண்டவாளத்தில் ஒரு ரயில் அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கரண்ட் திரும்பி, கம்ப்யூட்டர் உயிர் பெற்று, கடவுச்சொல்லை இரண்டு முறை கேட்டு உள்ளே விட்டபோது அந்த உரையாடல் முடிந்திருந்தது. புனேக்காரர் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, கீழே எழுதியிருந்தார்: 'மூடியைத் திறக்கச் சொன்னார்கள். ஹால் முழுக்கத் தண்ணீர். அதற்குப் பிறகு ஆளைக் காணோம்.'

டீம் லீடர் ரித்விக் உடனே போன் செய்தான்.

"பாகீரதி, இந்த மாசம் இது மூணாவது."

"கரண்ட் போச்சு சார்."

"கஸ்டமருக்கு கரண்ட் இருந்துச்சே."

எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்துக்கு யாரும் வர வேண்டாம், எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று கம்பெனி சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. அப்போது லேப்டாப் கொடுத்திருந்தார்கள். கரண்ட் போனாலும் அது பாட்டுக்கு ஓடும். போன தீபாவளிக்கு அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பழைய டெஸ்க்டாப்புகளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து வேலை பார்த்தால் முதுகுக்கு நல்லது என்று மெயிலில் எழுதியிருந்தது.

அன்று மாலையே அடுத்த மெயில் வந்தது. ஊழியர்கள் ஒவ்வொருவரும் அரை மணி நேரம் தாங்கக்கூடிய யூபிஎஸ் ஒன்றைத் தங்கள் வீட்டில் வைத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வீடியோவில் சரிபார்க்கப்படும். இல்லாதவர்களுக்குத் திங்கள் முதல் ஷிஃப்ட் கிடையாது. வாங்கித் தருவது யார் என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லாததால், யார் என்பது எல்லோருக்கும் விளங்கியது.

வார விடுமுறையில் டீமில் மூன்று பேர், கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் சந்தித்தார்கள். பாகீரதி ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். ஜூடித் ரிச்சர்ட்ஸ் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள், ஐம்பதைத் தாண்டிவிட்டாள், டீமில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் கேக் அவள் வீட்டிலிருந்துதான் வரும். ஹரிஷ்குமார் திருப்பத்தூர்ப் பையன், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பிஜி விடுதியில் இருப்பவன். யூபிஎஸ் பற்றி யூடியூபில் கிடைத்த அத்தனையையும் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"என்ன ஓடணும்?" என்றார் கடைக்கார பாய்.

"கம்ப்யூட்டர்" என்றாள் பாகீரதி.

"எவ்ளோ நேரம்?"

"அரை மணி."

பாய் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "அரை மணி எதுக்கும்மா? கரண்ட் போனா எழுதினத சேவ் பண்ணிட்டு ஒழுங்கா அணைக்கறதுக்குத்தான் இது. பத்து நிமிஷம் தாங்கும், போதும். எல்லாரும் அதான் வாங்கறாங்க."

"கம்பெனியில அரை மணின்னு சொல்லிருக்காங்க."

"அப்ப கம்பெனிய வரச் சொல்லுங்க. நான் சொல்றேன்."

ஹரிஷ்குமார் குனிந்து ஒரு பெட்டியைப் பார்த்தான். "இது ப்யூர் சைன் வேவா பாய்?"

"ப்யூர் இரும்பு. தூக்கிப் பாரு."

அவன் தூக்கிப் பார்த்தான். பாதியில் வைத்துவிட்டான். உள்ளே இரண்டு பேட்டரி என்றார் பாய். அது அரை மணியும் தாங்கும், முக்கால் மணியும் தாங்கும். விலையையும் சொன்னார். மூவரும் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார்கள்.

"அந்தச் சின்னது பார்க்க அழகா இருக்கு, இல்ல?" என்றாள் ஜூடித்.

பாகீரதி பெரியதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெள்ளிக்கெழம நம்ம மூணு பேரையும் ஒரே நேரத்துலயா பாக்கறாங்க?"

ஹரிஷ்குமார் போனை எடுத்துப் பார்த்தான். பாகீரதிக்குக் காலை பத்து மணி. ஜூடித்துக்கு மதியம் ஒன்று. அவனுக்கு மாலை நாலு. அதைச் சத்தமாகப் படித்ததும் மூவரும் பெரிய பெட்டியைப் பார்த்தார்கள். பாய், "இது சிங்கிள் பீஸ்தான் இருக்கு" என்றார்.

"நான் பொய் சொல்ல மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் ஜூடித்.

"பொய் எதுக்குக்கா? வீட்ல யூபிஎஸ் இருக்கான்னு கேப்பாங்க. இருக்கும்ல?" என்றாள் பாகீரதி.

ஜூடித் யோசித்துப் பார்த்தாள். அதில் பொய் எங்கே இருக்கிறது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்கள்.

பாகீரதியின் கணவன் சுந்தரம் வேறொரு கம்பெனிக்கு ராத்திரி கேப் ஓட்டுகிறவன். பேட்டரி வைத்த எந்தப் பொருளும் சந்தனம் குங்குமம் இல்லாமல் அவன் வீட்டு வாசலைத் தாண்டாது. வெள்ளிக்கிழமை காலை போனில் ரித்விக் முகம் தெரிந்தபோது யூபிஎஸ் நெற்றியில் பொட்டுடன் மேசைக்கடியில் உட்கார்ந்திருந்தது.

"சூப்பர். இப்ப சுவத்துல இருக்க ப்ளக்கப் புடுங்குங்க" என்றான் ரித்விக்.

"சார்?"

"அரை மணி ஓடுதான்னு பாக்கணும்ல?"

இதை மூவரில் ஒருவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. பாகீரதி பிடுங்கினாள். யூபிஎஸ் 'கீ' என்றது. கம்ப்யூட்டர் அணையவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரித்விக் திரையிலிருந்து எழுந்து போனான். அவன் நாற்காலி மட்டும் தெரிந்தது. அரை மணி ஆனது. "சார், ஆயிடுச்சு சார்" என்று பாகீரதி நாற்காலியிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் சொல்லாமல் ப்ளக்கைத் திரும்பப் போடலாமா என்று தெரியவில்லை. சுந்தரம் போடச் சொல்லிக் கையைக் காட்டினான். அவள் கூடாது என்று தலையை ஆட்டினாள். முக்கால் மணி தாண்டியதும் யூபிஎஸ் ஒரு நீளமான சத்தம் போட்டு அடங்கியது. ரித்விக் தோசைத் தட்டுடன் வந்து உட்கார்ந்தான்.

"ஃபுல் டிஸ்சார்ஜே பண்ணிட்டீங்களா? எக்ஸலண்ட் பாகீரதி. நீங்க பாஸ்."

சுந்தரம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முழுதாக சார்ஜ் ஏற எத்தனை நேரம் ஆகும் என்பதைக் கண்டுபிடித்தான். "எட்டு மணி நேரம்" என்றான்.

அதைக் கேப்பின் முன் சீட்டில் வைத்தார்கள். வண்டி கிளம்பியதும், பயணி பெல்ட் போடவில்லை என்று கார் கத்த ஆரம்பித்தது. சுந்தரம் ஓரமாக நிறுத்தி யூபிஎஸ்ஸுக்கு பெல்ட் மாட்டினான்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஜூடித் ஈரத்துணியால் பொட்டைத் துடைத்து, கம்ப்யூட்டரை அதில் மாட்டி, சுவரில் செருகினாள். மணி ஒன்றாகியும் பேட்டரி விளக்கில் ஒரே ஒரு கோடுதான் ஏறியிருந்தது.

"அஞ்சு நிமிஷம் கூடத் தாங்காது. உங்க ஆளு ப்ளக்கப் புடுங்கச் சொன்னா முடிஞ்சது கதை" என்றான் சுந்தரம்.

ஜூடித்தின் கணவர் நோயல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சர்ச் பாடகர் குழுவில் நாற்பது வருடமாகப் பாடுகிறவர். "பக்கத்துல டேபிள் ஃபேன் ப்ளக் இருக்கில்ல?" என்றார்.

"அது மோசடி நோயல்."

"ப்ளக்கப் புடுங்குன்னுதானே சொல்வான்? எந்த ப்ளக்னு சொல்வானா?"

ரித்விக் ப்ளக்கைப் பிடுங்கு என்றுதான் சொன்னான். ஜூடித் கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கினாள். மேசை விசிறி நின்றது. கம்ப்யூட்டர் ஓடியது.

"குட். ஆனா பீப் சத்தம் வரலையே ஜூடித்? பாகீரதி வீட்ல வந்துச்சே. அவங்க வாங்கினதும் இதேதானே?"

"சேந்துதான் வாங்கினோம் ரித்விக்" என்றாள் ஜூடித். அது முழு உண்மை.

அப்போது மேசைக்கடியிலிருந்து 'கீ' என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. நோயல் முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து, தாளம் தவறாமல் கீச்சிட்டுக்கொண்டிருந்தார். சுந்தரம் சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டான். இருபது நிமிடத்துக்கு மேல் நோயலின் குரல் சுருதி இறங்கியது.

"சவுண்டு கொஞ்சம் நடுங்குது" என்றான் ரித்விக்.

"வயசாச்சு" என்றாள் ஜூடித், யோசிக்காமல். பிறகு, "வோல்டேஜுக்குச் சொல்றேன். இந்த ஏரியா வயரெல்லாம் பழசு" என்றாள்.

அவளும் பாஸ். கால் மரத்துப்போன நோயலைச் சுந்தரம்தான் தூக்கிவிட்டான். ஜூடித் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் ஃபாதரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவர்களுக்குச் சோறு போட்டாள்.

எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறும்போது மழை பிடித்தது. இறங்கும்போது கொட்டியது. ஹரிஷ்குமார் பிஜி வாசலில் குடையுடன் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் கட்டிடம் இருட்டாக இருந்தது.

"ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடுச்சுண்ணா. ரெண்டு மணில இருந்து கரண்ட் இல்ல."

"ஜெனரேட்டர்?"

"லிஃப்டுக்கு மட்டுமாம். ஓனர் சொல்லிட்டாரு."

சுந்தரம் முன் சீட்டைப் பார்த்தான். வந்த வழியில் சார்ஜ் ஏற வாய்ப்பில்லை. நாலு மணிக்குக் கொஞ்சமே இருந்தது. தெருவுக்கு எதிரே ஒரு கட்டிடத்தில் மட்டும் விளக்குகள் பளீரென்று எரிந்தன. ஜெனரேட்டர் சத்தம் மழையைத் தாண்டிக் கேட்டது. கம்பெனியின் பழைய அலுவலகம் அது. ஹரிஷ்குமார் யூபிஎஸ்ஸை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தான். சுந்தரம் பின்னாலேயே குடையைப் பிடித்தான்.

கேட்டில் ஹரிஷ்குமார் தன் அடையாள அட்டையைக் காட்டினான். இயந்திரம் சிவப்பாக எரிந்தது. கூண்டிலிருந்த ஹாசன்காரக் காவலாளி ஜன்னலைத் திறந்தார்.

"ஒளகே பிடல்ல சார். ஸ்டாஃப் யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு ஆர்டர்."

"உள்ள வரலண்ணா. கொஞ்சம் கரண்ட் மட்டும்."

காவலாளி யூபிஎஸ்ஸைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். பிறகு தன் டீ கெட்டிலின் ப்ளக்கைக் கழற்றிவிட்டு, ஜன்னல் வழியாக வயரை வாங்கிச் செருகினார். வயர் குட்டை. யூபிஎஸ்ஸை வெளியே தரையில் வைக்க எட்டவில்லை, ஜன்னல் திட்டும் சரிவாக இருந்தது. ஹரிஷ்குமார் அதை நெஞ்சோடு அணைத்தபடி ஜன்னலில் சாய்ந்து நின்றான்.

நாலு மணிக்குப் போன் அடித்தது. சுந்தரம் எடுத்து அவன் காதில் வைத்தான். வீடியோ இல்லை, வெறும் குரல்தான்.

"ஹரிஷ், உன்னோடத இன்னிக்கிப் பாக்க முடியாது. எங்க ஏரியாவுல கரண்ட் இல்ல. உனக்குப் பாஸ் போட்டுட்டேன்."

"தேங்க்ஸ் சார்."

ரித்விக் போனை வைக்கவில்லை. "ஹரிஷ், நாளைக்குக் காலைல எனக்குச் செக்கிங். மேல இருந்து பாக்கறாங்க." அவன் தொண்டையைச் செருமினான். "உன்னோடத ஒரு ரெண்டு மணி நேரம் தர முடியுமா?"

ஹரிஷ்குமார் சுந்தரத்தைப் பார்த்தான். ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்த சுந்தரம், "அட்ரஸ் கேளு. ட்ரிப் முடிச்சிட்டு வர்ற வழில எறக்கிடறேன்" என்றான்.

போனைச் சட்டைப் பையில் போடுவதற்குள் மெயில் ஒன்று வந்து விழுந்தது. ஹரிஷ்குமார் சொல்ல, சுந்தரம் அதைத் திறந்து அவன் கண்ணுக்கு நேரே பிடித்தான். எல்லோரும் யூபிஎஸ் வாங்கிவிட்டதைக் கம்பெனி பாராட்டியிருந்தது. எனவே வருகிற முதல் தேதியிலிருந்து மின்தடை ஒரு காரணமாக ஏற்கப்படாது. திரை அணைந்திருக்கும் நேரம் விடுப்பாகக் கழிக்கப்படும்.

"இனி இந்த ஒண்ணேதான் மூணு பேருக்குமா?" என்றான் சுந்தரம்.

"ரித்விக் சாரையும் சேத்து நாலு பேருக்கு."

சுந்தரம் அண்ணாந்து பார்த்தான். மூன்றாம் மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் வரிசை வரிசையாக மேசைகள் தெரிந்தன. எல்லா விளக்குகளும் எரிந்தன. ஓர் ஆள் இல்லை. ஏசிக் காற்றில் திரைச்சீலை ஒன்று மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"யாருமே இல்லாம எதுக்குங்க லைட்டு?"

"லீஸ் இன்னும் முடியலை சார்" என்றார் காவலாளி. "அது வரைக்கும் லைட்டு, ஏசி எல்லாம் ஆன்லயே இருக்கணும். அக்ரிமெண்ட்."

மழை சாய்ந்து அடித்தது. சுந்தரம் குடையை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, யூபிஎஸ் மேல் ஒரு சொட்டும் படாமல் பிடித்தான். அவனும் ஹரிஷ்குமாரும் நனைந்தபடி நின்றார்கள்.