பெரிய முத்துவுக்கு வாங்கிய மாலை

அந்த மழையில் வத்தேகமவுக்கு மேலே மலை சரிந்து, தோட்டத்துப் பாதையெல்லாம் அடைபட்டுக் கிடந்தது. பார்வையிட அமைச்சின் செயலாளரும் இரண்டு பணிப்பாளர்களும் கொழும்பிலிருந்து ஹெலிகொப்டரில் வருகிறார்களாம். கண்டியில் இறங்கி, லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டத்து ஜனங்களோடு பேச ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்றிக்கொண்டு போவார்களாம். "முத்துலிங்கத்தை அனுப்பிவையுங்கள்" என்று செயலாளரே தொலைபேசியில் சொல்லிவிட்டார். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

கண்டியில் அந்த அரசாங்கக் கந்தோரில் முத்துலிங்கம் இரண்டு பேர். இரண்டு பேருமே மொழிபெயர்ப்பாளர்கள். முதலெழுத்துக்கூட ஒன்றுதான், ஒருவருக்கு அப்பா பெரியசாமி, மற்றவனுக்குப் பெருமாள். சிங்களப் பியோன்கள் லொகு முத்து, பொடி முத்து என்பார்கள். தமிழ் ஆட்களுக்குப் பெரிய முத்து, சின்ன முத்து.

பெரிய முத்துவுக்குச் சின்ன முத்துவைக் கண்டாலே ஆகாது. மூன்று மொழியும் இலக்கணம் பிசகாமல் எழுதித் தலை நரைத்தவர் இவர். அவனோ தோட்டத்தில் பிறந்து, வத்தேகம டவுனில் குடியிருக்கும், நேற்று வந்தவன். ஆனால் லயத்துக்குப் போய், "என்னாக்கா, சாப்பிட்டீங்களா?" என்று அவன் வாயைத் திறந்தால் போதும், அழுதுகொண்டிருப்பவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள். கொழும்பு அதிகாரிகள் வந்தால் நேரே அவன் தோளில்தான் கை போடுவார்கள். அதைப் பார்த்த அன்றைக்கெல்லாம் பெரிய முத்துவுக்குச் சோறு இறங்காது.

ஆகவே, பெயர் சொல்லிக் கேட்டார்கள் என்றதும் மனுசன் வேறெதையும் யோசிக்கவில்லை. தன்னைத்தான் என்று முடிவுகட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் மனைவி புஷ்பத்திடம் சொன்னார். புஷ்பம் வேலிக்கு மேலால் எட்டிப் பக்கத்து வீட்டு வடிவம்மாவிடம் சொன்னாள். அதற்குமேல் அவர்கள் இருந்த மஹியாவத் தெருவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கலியாணத்துக்குப் போட்ட கோட்டு அலுமாரியிலிருந்து இறங்கியது. காலையில் தெருவே வாசலில் நின்று வழியனுப்பியது.

"மேல போறப்ப நம்ம தெருவுக்குக் கை காட்டுங்க மாஸ்டர்" என்றாள் வடிவம்மா. படித்தவர் என்று தெருவுக்கே அவர் மாஸ்டர். காட்டுவதாக வாக்கும் கொடுத்துவிட்டுப் போனார்.

கந்தோரில் நிர்வாக அதிகாரி இராமநாதன், யாழ்ப்பாணத்துக்காரர், அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன முத்துலிங்கம், கோட்டெல்லாம் போட்டு வந்திருக்கிறியள்? அவை கேட்டது சின்னவனையெல்லோ. தோட்டத்துச் சனத்தோட கதைக்க அவனை விட்டால் ஆர் இருக்கினம்?"

வாசலில் நின்ற சின்ன முத்துவின் முகம் வாடிவிட்டது. "அண்ணனே போகட்டும் சேர். ஆசையா உடுத்திக்கிட்டு வந்திருக்காரு" என்றான்.

அவன் திமிராக எதையாவது சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. "எனக்குப் பிச்சை வேணாம். நீயே பறந்துட்டு வா" என்று சொல்லிவிட்டு, லீவு எழுதிக் கொடுத்து வெளியே வந்தார்.

வீட்டுக்குப் போக முடியுமா? கை காட்டுவதாக வேறு சொல்லிவிட்டு வந்தாயிற்று. குட்ஷெட் பஸ் நிலையத்தில் மடவளை பஸ் நின்றது, ஏறிவிட்டார். மடவளையில் கடை வைத்திருக்கும் பழைய சிநேகிதன் மஹ்மூத் ஒன்றும் கேட்காமல் பின்கட்டில் கதிரை போட்டு, பிளேன்டீ கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே சத்தம் கேட்டது. கடையில் நின்றவர்கள் எல்லாரும் வெளியே ஓடி அண்ணாந்து பார்த்தார்கள். இவர் மட்டும் பருப்பு மூட்டையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

மத்தியானச் செய்தி முடிந்ததும் மஹ்மூத் பேயறைந்தவர்போல உள்ளே வந்தார். "மாஸ்டர், ஹெலிகொப்டர் பனியில மலையோட மோதிட்டாம். ஒருத்தரும் மிச்சமில்லையாம். கடைசியா மொழிபெயர்ப்பாளர் பெ. முத்துலிங்கம் எண்டு ஒங்கட பேரையெல்லவா சென்னாங்க!"

பெரிய முத்துவின் கையிலிருந்த தேநீர் கோட்டில் கொட்டியது. "அடப்பாவி, அண்ணனே போகட்டும்னு சொன்னியேடா" என்று வாய்விட்டு அழுதார். அது பொய்யழுகையில்லை. பிறகுதான் புஷ்பமும் அந்தச் செய்தியைக் கேட்டிருப்பாள் என்பது உறைத்தது. ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தார்.

தெரு முனையிலேயே வெள்ளைக்கொடி. வாசல் நிறைய வாடகைக் கதிரை. வேலிக்கு இந்தப் பக்கம் அவர் கால் தானாக நின்றது. உள்ளே கோயில் சபைச் செயலாளர் செல்லப்பா பேசிக்கொண்டிருந்தார்.

"கொழும்பிலிருந்து பேர் சொல்லிக் கேட்ட மனுசன். நம்ம தெருவுல இப்பேர்ப்பட்டவர் இருந்தது நமக்கே தெரியாம போச்சு."

பெரிய முத்துவுக்கு உள்ளமெல்லாம் குளிர்ந்தது. இத்தனை வருடத்தில் அவரைப் பற்றி யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. உள்ளே போக வேண்டும் என்று தெரியும். ஆனாலும் இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று நின்றார். புஷ்பம் தலையிலடித்துக்கொண்டு அலறிய பிறகுதான் வேலிப் படலையைத் திறந்தார்.

தெருவே கத்தியது. புஷ்பம் ஓடிவந்து அவர் நெஞ்சில் குத்தினாள், பிறகு அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "எங்கங்க போனீங்க? எங்கங்க போனீங்க?"

"நான் போகல. சின்ன முத்துதான் போனான்" என்றார்.

ஆரவாரம் சட்டென்று அடங்கியது. "ஐயோ, கைக்கொழந்தைக்காரியாச்சே அவன் பொஞ்சாதி அழகம்மா!" என்றாள் புஷ்பம், அவரை விட்டு விலகியபடி. செல்லப்பா எழுந்துவிட்டார். "கதிரையை லொறியில ஏத்துங்கப்பா. வத்தேகமவுக்குப் போவோம். தோட்டத்து ஜனம், அங்க யாரு செய்யப் போறாங்க?" வெள்ளைக்கொடிகளை அவிழ்த்தார்கள். உயிரோடு வந்த மனுசனிடம் ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க யாருமில்லை. வடிவம்மா, "அந்தப் பையன் எவ்வளவு நல்லாச் சிரிப்பான்" என்று இப்போது அவனுக்காக அழுதாள். செத்த பிறகும் அவன்தானா என்று பெரிய முத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே விளக்குக்குப் பின்னால் அவருடைய படம், புது மாலையோடு இருந்தது. செல்லப்பா மாலையைக் கழற்றப் போனார். "உசுரோட இருக்கிறவர் படத்துல இது கெடக்கக் கூடாது. அந்தப் பையனுக்காவது போடுவோம்."

பெரிய முத்து மாலையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அது எனக்கு வாங்கினது" என்றார்.

செல்லப்பா கையை எடுத்துக்கொண்டார். லொறி ஹார்ன் அடித்தது, எல்லாரும் படியிறங்கிப் போனார்கள். புஷ்பம் மட்டும் வாசற்படியில் நின்று அவரையே பார்த்தாள். அவருக்காக அழுத கண்ணீர் அவள் கன்னத்தில் இன்னும் காயவில்லை. அதைத் துடைத்துக்கொண்டு அவளும் போய் லொறியில் ஏறினாள்.