பேரைச் சொல்லிவிட்டாள் காத்தாயி

ஆம்புலன்சுக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் விஜயலட்சுமி மேடம் முதல் நாளே சட்டம் பேசிவிடுவார். சட்டை கசங்கக் கூடாது. நோயாளியிடம் மாமா, அத்தை என்று உறவு கொண்டாடக் கூடாது. யார் எந்தக் கோலத்தில் கிடந்தாலும் சிரிக்கக் கூடாது. நோயாளியை வைத்துக்கொண்டு, மேலே இருப்பவரை மறுத்துப் பேசவே கூடாது.

இந்த வருஷம் பயிற்சிக்கு வந்த கயல்விழிக்குச் சட்டை மட்டும்தான் கசங்காது. மற்றதெல்லாம் கொஞ்சம் சிரமம். போன மாதம் ஒரு புது மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக மாட்டுக் கழனித்தொட்டிக்குள் விழுந்துவிட்டார். தூக்கி எடுக்கும்போது, "வீடியோக்காரர் எடுத்துட்டாரா?" என்று அவர் பதறவும், இவள் கெக்கெக்கென்று சிரித்துவிட்டாள். நீங்களே சொல்லுங்கள், யாரால் அடக்க முடியும்? பெண் வீட்டார் புகார் கொடுத்துவிட்டார்கள்.

"இன்னொரு புகார் வந்துச்சுன்னா இந்த வருஷப் பயிற்சி செல்லாது. வீட்டுக்குப் போயிட்டு அடுத்த வருஷம் வா" என்றார் மேடம்.

வீட்டுக்குப் போனால் அத்தை மகன் தாலியோடு வாசலில் நிற்பான். அடுத்த வருஷம் ஆம்புலன்ஸ் வரும், இவள் வரமாட்டாள். அது தெரிந்ததால் அன்றிலிருந்து வாயைப் பூட்டிக்கொண்டு வேலை செய்தாள், பாவம்.

சம்பா நடவு நேரம். குத்தாலம் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. வரப்பில் சறுக்கி விழுந்த காத்தாயிக்குக் கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. முகமெல்லாம் வியர்வை. வெயில் அப்படி என்று நினைத்துக்கொண்டார்கள். காலுக்கு அட்டை வைத்துக் கட்டி வண்டியில் ஏற்றியதும், புருஷன் துரைராசு துண்டால் விசிறிக்கொண்டே கூட ஏறினார்.

விழுந்தவர் தலையிலும் அடிபட்டிருக்கலாம் அல்லவா? நினைவு சரியாக இருக்கிறதா என்று மேடம் கேள்விகளைத் தொடங்கினார்.

"அம்மா, உங்க பேரு?"

"காத்தாயி."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"வீட்டுக்காரர் பேரு?"

"துரைராசு."

"வெரிகுட். தெளிவா இருக்காங்க" என்றார் மேடம்.

துரைராசுவின் கையில் துண்டு அப்படியே நின்றுவிட்டது.

"என்னங்கய்யா?" என்று கயல்விழி மெல்லக் கேட்டாள்.

"எம்பேரச் சொல்லிட்டாம்மா!" என்றார் அவர். "தாலி கட்டுனதுலேருந்து சொன்னதில்ல. ரேஷன் கார்டுக்குக் கேட்டப்பக்கூட, 'வெள்ளக்காரன என்னன்னு கூப்புடுவாங்க, அதோட ராசாவச் சேத்துக்க'ன்னா. அந்தப் படுபாவி வெள்ளக்காரராசான்னே எழுதிட்டான்!"

கயல்விழிக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்து, பயமாக மாறி உள்ளே இறங்கியது.

"மேடம், வேர்வையும் நிக்கல. சுகர் பார்த்துடலாமா?"

"கேட்டதுக்கெல்லாம் சரியாத்தானே பதில் சொன்னாங்க?"

"அதான் மேடம் தப்பு. சரியாச் சொல்லிட்டாங்க."

"நானுந்தான் என் வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிடறேன். எனக்கென்ன சுகரா?"

முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த முபாரக் இருமினார். கயல்விழியின் கண்ணெதிரே அத்தை மகன் தாலியோடு வந்து நின்றான். அவனைத் தள்ளிவிட்டுப் பேசினாள்.

"நீங்க சொல்றது தப்பு மேடம். இந்த அத்தை பேரச் சொல்றாங்கன்னா நெனவு கலங்குதுன்னு அர்த்தம். இப்பவே பாக்கணும்."

ஒரே மூச்சில் இரண்டு சட்டம் போயிற்று. மேடம் அவளை முறைத்தார்.

"பாரு. ஆனா எறங்குனதும் உன்கிட்டப் பேசணும்."

கயல்விழி விரலில் ஊசி குத்தினாள். அதற்குள் காத்தாயி கண்ணை உருட்டி, "டேய் துரைராசு, ஆடு நாத்தத் திங்குது, என்னடா வேடிக்க பாக்குற?" என்றாள். துரைராசு, இல்லாத ஆட்டை விரட்ட எழுந்தே விட்டார்.

மிஷினைப் பார்த்த மேடத்தின் முகம் மாறியது. சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது.

"காலையில சக்கர மாத்திரயப் போட்டா. நடவு ஆளுங்க வந்துட்டாங்கன்னு பழையதக்கூடத் தொடாம ஓடுனா" என்று துரைராசு அழுதார்.

மேடம் அதற்குமேல் ஒரு நொடி வீணாக்கவில்லை. காத்தாயியால் விழுங்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டு, குளுக்கோஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். ஆஸ்பத்திரி நெருங்கும்போது காத்தாயியின் வியர்வை அடங்கி, கண் நிலைக்கு வந்தது. என்ன நடந்தது என்று கயல்விழி எடுத்துச் சொல்ல, அவள் மாராப்பைச் சரிசெய்தபடி கேட்டுக்கொண்டாள்.

மேடம் குனிந்தார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?"

காத்தாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏம்மா, நல்ல குடும்பத்துப் பொண்ணாட்டம் இருக்க. கேக்குற கேள்வியா இது?"

"தெளிவா இருக்காங்க" என்றாள் கயல்விழி, உதட்டைக் கடித்துக்கொண்டு.

துரைராசு மூக்கைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் நகர்ந்தார். "காத்தாயி, இன்னொரு வாட்டி சொல்லேன். காதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

"மறுபடி சக்கர எறங்கட்டும், பாப்போம்."

குபீரென்று சிரிப்பு வெடித்தது. கயல்விழி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் சிரித்தது அவள் இல்லை. விஜயலட்சுமி மேடம் ஆக்சிஜன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு இவளும் கையை எடுத்துவிட்டாள்.

வண்டி நின்றது. மேடம் கண்ணைத் துடைத்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அத்தைன்னு கூப்பிட்டது தப்பு" என்றார் கண்டிப்பாக.

"ஆமா மேடம்."

"இனிமே கூப்பிடாத. சரி, அந்தப் பக்கம் புடி. உங்க அத்தையை எறக்குவோம்."